தவறணையும் கூழ்ப்பானையும்

மது அருந்தி மகிழ்ந்திருந்தோர் இரவு முதிர்ந்தபின் சூடான உணவைத் தேடிச் செல்லும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. யப்பானியத் தொழிலாளர் குடித்து முடித்ததும் தெருவோரத்துச் சிறுகடையில் அமர்ந்து, 'ராமென்' எனப்படும் கோதுமை இழையுணவைக் கொதிக்கும் சாற்றுடன் உண்பர். கொரிய மக்கள் விடியற்பொழுதில் குடிமயக்கம் தெளிவதற்கென்றே ஒரு சாறு காய்ச்சுவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த இடம் ஒடியற் கூழுக்கு உரியது. பனையின் சாற்றைக் குடித்தவன் பனையின் கிழங்கிலிருந்து காய்ச்சிய கூழையே நாடினான். கள்ளும் கூழும் ஒரே மரத்தின் கொடை. ஆயின், அந்தக் கள்ளை யார் இறக்கினர், யாருடன் அமர்ந்து யார் பருகினர், யார் வீட்டுக் கூழை யார் உண்டனர் என்று கேட்கத் தொடங்கினால், உணவின் வரலாறு ஒரு சமுதாயத்தின் வரலாறாக விரிந்துவிடும்.

குடியோடு உணவையும் சேர்த்துப் பேசுதல் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்து நுளையர் தம்மிடம் வரும் பாணருக்குப் பழைய தேறலையும் சுட்ட மீனையும் தருவர் என்று கூறுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் வலைஞர் குடியிருப்பிலும் மதுவுக்குத் துணையாக வருவது சுட்ட மீனே. பட்டினப்பாலையோ, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளிலே கடலுக்குச் செல்லாது ஓய்ந்திருந்து பனங்கள்ளைப் பருகிய செய்தியை அளிக்கின்றது. இம் மூன்று பாட்டும் நெய்தல் நிலத்து உழைப்பாளரையே காட்டுகின்றன. உழைத்துக் களைத்தவனுக்குக் கள்ளும், கள்ளுண்டவனுக்கு மீனும் என்ற இந்த அடைவு, கடலாற் சூழப்பட்ட யாழ்ப்பாணத்திலும் வேரூன்றியிருந்தது வியப்பன்று.

யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறுகள் இல்லை. சுண்ணக்கல்லின்மேற் படிந்த மெல்லிய மண்ணும், கிணற்று நீரும், பருவமழையுமே பயிருக்கு ஆதாரம். இத்தகைய நிலத்திலே நீர் ஊற்றுவாரின்றித் தானே ஓங்கி வளர்ந்த மரம் பனை. வில்லியம் பேர்குசன் என்பவர் இலங்கைப் பனையைப்பற்றி 1850-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தாலவிலாசம் என்னும் தமிழ்ப் பாடல் பனையின் பயன்களை 801 என எண்ணிக் கூறுவதை எடுத்துக் காட்டினார். வீட்டுக்கு வளையும் மரமும், வேலிக்கு மட்டையும், கூரைக்கும் ஏட்டுக்கும் ஓலையும், உண்பதற்கு நுங்கும் பழமும் கிழங்கும் என அம் மரம் எதையும் வீணாக்காது வழங்கியது.

பனையின் பாளையைக் கட்டி, தட்டி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவ, சாறு துளிதுளியாக முட்டியிலே வடியும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிக்காது இனிக்கும், அதுவே கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி கிடைக்கும். சுண்ணாம்பு பூசாவிடின், காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதிகள் சர்க்கரையை மதுவாக்கிவிடும். மரத்திலிருந்து இறங்குமுன்னரே நுரைக்கத் தொடங்குவது கள். ஒரே பாளை குழந்தைக்குப் பனங்கட்டியையும் தந்தைக்குக் கள்ளையும் தரவல்லது. இரண்டுக்கும் இடையில் நிற்பது ஒரு விரற்கடைச் சுண்ணாம்பே.

இச் சாற்றைப் பெறுவது எளிய தொழிலன்று. காலிலே தளைநாரும் இடையிலே பாளைக்கத்தியும் முட்டியும் கொண்டு, சீவற்றொழிலாளி காலையும் மாலையும் மரமேறினான். நெடிதுயர்ந்த மரங்கள் பலவற்றில் ஒரே நாளில் இருமுறை ஏறி இறங்குதல் உடலை உருக்கும் உழைப்பு. தவறி வீழ்ந்தவன் உயிரை இழந்தான். அன்றேல் முடமாகிக் குடும்பத்துக்குச் சுமையானான். ஒரு பிளாக் கள்ளின் பின்னால் இத்தனையும் இருந்தன.

பனம்பழம் வீழும் காலத்தில் அதன் விதைகளைப் பொறுக்கிப் பாத்தியிட்டு, மாரி கழிகையிற் கிழங்கு கிண்டுவர். கிழங்கைப் பிளந்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவிலே ஒரு கசப்பு உண்டு. நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்து அகற்றியே அதைச் சமைப்பர். அரிசி அரிதான காலங்களிலெல்லாம் யாழ்ப்பாணத்தைக் காத்தது இந்த மாவே. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-ஆம் ஆண்டில் பருமாவின் அரிசி வரவு நின்று பங்கீடு வந்தது. அக்காலத்திலும் ஒடியற் பிட்டும் கூழும் பல வீடுகளிற் பசியாற்றின.

யாழ்ப்பாணத்திற் கூழ் இருவகைப்படும். ஆடிப்பிறப்பன்று பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் பயறும் சேர்த்துக் காய்ச்சும் இனிய கூழ் ஒன்று. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவருக்கெனப் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டினால் அது அழியாப் புகழ் பெற்றுவிட்டது. மற்றையது ஒடியற் கூழ். மீன், நண்டு, இறால் ஆகியவற்றோடு பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் கீரையும் பெரிய பானையில் வேகும். கரைத்த ஒடியல்மாவும் புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் இறுதியிற் சேரும். கொதித்துத் தடித்ததும், பலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்தி, அதிலே ஏந்தி ஊதி ஊதிப் பருகுவர். உறைப்பினால் நெற்றி வியர்க்கும். மூக்கு நீர் வடியும். ஆயினும் கை மீண்டும் பானையை நோக்கியே நீளும்.

பழமையின் உருவமாகத் தோன்றும் இக் கூழிலும் புதுமை கலந்துள்ளது. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டங்களிற் பிறந்தவை. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இத் தீவை அடைந்தவை. யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619-ஆம் ஆண்டில். அதற்கு முந்திய கூழ் ஒன்று இருந்திருக்குமாயின், அது மிளகின் காரத்தையே பெற்றிருக்கும். தவறணை என்ற சொல்லும் போர்த்துக்கேய மொழி தந்ததே.

குடித்தவனுக்கு இத்தகைய உணவு ஏன் இனிக்கின்றது என்பதற்கு உடலியல் விடை கூறுகின்றது. மது, சிறுநீரை மட்டுப்படுத்தும் சுரப்பைத் தடுப்பதால் உடல் நீரையும் உப்பையும் இழக்கின்றது. ஈரல் மதுவை எரிப்பதில் ஈடுபடுவதால், குருதிக்குச் சர்க்கரை வழங்கும் அதன் வேலை தளர்கின்றது. ஆகவே உப்பும் நீரும் மாவும் ஒன்றாய் அமைந்த சூடான உணவை உடல் கேட்கின்றது. ஒடியற் கூழ் இம் மூன்றையும் ஒரு பானையிலே தருகின்றது. ஆயினும் எந்த உணவும் உண்ட மதுவை விரைந்து அகற்றிவிடாது. கூழ் ஆறுதலே தரும். குடியின் தீங்கைத் துடைக்காது.

இனி, அக் கள்ளும் கூழும் பருகப்பட்ட கலங்களை நோக்குதல் வேண்டும். கள்ளுக் கொட்டிலிலே பனையோலையை மடித்துச் செய்த பிளாவிற் கள் வார்க்கப்பட்டது. கூழுக்குப் பலாவிலை, சில இடங்களிற் சிரட்டை. இவை வறுமையின் அடையாளமென்றோ எளிமையின் அழகென்றோ சொல்லி அமைந்துவிடுதல் எளிது. ஆனால் அக்கால யாழ்ப்பாணத்திலே கலம் என்பது வெறும் கலமாக இருக்கவில்லை. வசதியுள்ள வீடுகளில் உதடு படாது அண்ணாந்து பருகுவதற்கென்றே மூக்குப்பேணி இருந்தது. யாருடைய பாத்திரத்தை யார் தொடலாம், யார் கையால் யார் நீர் வாங்கலாம் என்பன இறுகிய விதிகளாய் இருந்தன. இலைக்கலமோ பருகியபின் எறியப்படுவது, கழுவிப் பேணப்படுவதன்று. ஆகவே உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதியவர், தாம் தீண்டமாட்டேம் என்று ஒதுக்கிய தொழிலாளியின் முட்டியிலிருந்து வார்த்த கள்ளை, அவனது பாத்திரத்தைத் தொடாமலே பருக முடிந்தது. கள்ளுக்குத் தீட்டு இல்லை. அதை இறக்கியவனுக்கே தீட்டு. கொட்டிலில் ஒன்றுகூடிய மக்களை இணைத்ததுபோலத் தோன்றிய பிளா, உண்மையில் அவர்களைப் பிரித்துவைக்கவும் உதவிற்று எனலாம்.

இந்த ஒதுக்கலின் வேர் ஆழமானது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707-ஆம் ஆண்டிலே தொகுக்கப்பெற்ற தேசவழமைச் சட்டம் அடிமைகளைப்பற்றித் தனியாக விதி வகுத்தது. அடிமைமுறை சட்டப்படி இத் தீவில் முற்றாக நீங்கியது 1844-ஆம் ஆண்டில். சட்டம் விலங்கை அவிழ்த்தது. வழக்கமோ வேலியை விட்டுவைத்தது. மரமேறியவனும் வயலில் உழைத்தவனும் துணி வெளுத்தவனும் முடி திருத்தியவனும் ஊருக்கு வேண்டியவராயினும், ஊரின் கிணற்றுக்கும் கோயிலுக்கும் பந்திக்கும் வேண்டாதவராயினர்.

கள்ளை எதிர்த்த குரலும் யாழ்ப்பாணத்திற் பழமையானது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆறுமுக நாவலர் (1822–1879) சிறுவர்க்கு எழுதிய பாலபாடத்திற் கள்ளுண்ணலைக் கடிந்துரைத்தார். கிறித்தவ மிசனரிமாரும் குடியொழிப்பை வலியுறுத்தினர். 1912-ஆம் ஆண்டில் புதிய மதுவரிச் சட்டம் வந்து, கள்ளுத் தவறணைகள் பல இடங்களில் திறக்கப்படலாயின. அதனை எதிர்த்து இலங்கையெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. பின்னர், ஒரு பகுதி மக்களே வாக்களித்துத் தம் பகுதித் தவறணையை மூடுவிக்கும் உரிமை அளிக்கப்பட்டபோது, அதனை ஊக்கத்துடன் கையாண்ட இடங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்று. கணவனின் கூலி கொட்டிலிலே கரைவதைக் கண்டு கலங்கிய மனைவியருக்கு அது பெரும் வெற்றி. அந்த வெற்றியைச் சிறிதென்று கூறுவது அறமாகாது.

ஆயினும் தவறணை மூடப்பட்ட ஊரிலே மரமேறி வாழ்ந்தவனின் அடுப்பு எவ்வாறு எரியும் என்ற கேள்வியும் உடனெழுந்தது. குடிப்பவனைத் திருத்த வந்த சீர்திருத்தம், இறக்குபவனுக்கு வேறு தொழிலைக் காட்டவில்லை. கருப்பநீரும் பனங்கட்டியும் வழியாகச் சொல்லப்பட்டன. ஆனால் அவற்றின் விலை கள்ளின் விலைக்கு ஈடாகவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு மறைவாகக் கள் இறக்குவதும், அதற்காகத் தண்டிக்கப்படுவதும் தொழிலாளியின் தலையிலேயே விழுந்தன. வாங்கிக் குடித்தவன் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டான்.

மகாத்மா காந்தி 1927-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அவரை அழைத்தது, ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் 1924-ஆம் ஆண்டில் தொடங்கிய மாணவர் காங்கிரசு. அதுவே பின்னர் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசு எனப் பெயர்பெற்றது. காந்தி அங்கே மதுவிலக்கையும் பேசினார். தீண்டாமை ஒழிப்பையும் பேசினார். முதலாவதை வரவேற்ற யாழ்ப்பாணத்துப் பெரியோர் பலர் இரண்டாவதைச் செவியின் வெளியிலேயே நிறுத்தினர். இளைஞர் காங்கிரசார் மட்டும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதைக் கொள்கையாகக் கொண்டனர். சமாசனம், சமபோசனம் என்ற சொற்கள் அக்காலத்தில் வீடுகளைப் பிளக்கவல்ல சொற்களாய் இருந்தன. அரசினரிடம் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர்தல் வேண்டும் என்று 1929-ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது; பாடசாலைக் கொட்டகைகள் சில எரியூட்டவும் பட்டன. பிள்ளைகள் ஒரு வாங்கில் அமர்வதையே பொறாத சமுதாயம், பெரியவர் ஒரு கடையில் அமர்வதை எவ்வாறு பொறுக்கும்?

இவ்விடத்தில் யப்பானிய ஒப்புமையைச் சற்றே விரித்தல் தகும். டோக்கியோ நகரின் அசகுசாப் பகுதியில் 1910-ஆம் ஆண்டில் ஒசாகி கன்னிச்சி என்பவர் சீனச் சமையற்காரரை அமர்த்தி 'ராய்ராய்க்கென்' என்னும் கடையைத் திறந்தார். அயல்நாட்டார் உணவாக வந்த இழைச்சாறு, இத்தகைய கடைகள் வாயிலாகவே நகரத் தொழிலாளரின் உணவாயிற்று. இரண்டாம் உலகப்போர் 1945-ஆம் ஆண்டில் முடிந்தபின், அமெரிக்கக் கோதுமை மாவு வந்திறங்கிய பசிக்காலத்தில், தெருவோரக் கடைகளில் அது மேலும் பரவிற்று. குடித்துவிட்டு வரும் கூலியாளும் கணக்கெழுதி வரும் அலுவலரும் ஒரே பலகைமுன் தோளோடு தோள் உரச அமரலாயினர். ஓர் உணவு பொதுவுணவாக வேண்டுமாயின், அதற்கு எவரும் நுழையத்தக்க ஒரு கடை வேண்டும். யாழ்ப்பாணத்தின் ஒடியற் கூழ் வளவிலும் கடற்கரையிலும் கொட்டிலோரத்திலும் காய்ச்சும் உணவாகவே நெடுங்காலம் நின்றது. அது கடையேறாமைக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் கடைவாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதை மறந்து அக் காரணங்களை ஆராய முடியாது.

யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே அமர இயலாது. வெளியே நின்று, போத்தலிலோ தகரப் பேணியிலோ சிரட்டையிலோ தேநீர் பெறவேண்டும். தந்த காசு மட்டும் வேறுபாடின்றிப் பெட்டியுள் விழும். விடியுமுன் மரமேறி இறங்கியவன், தன் கள்ளை வாங்கிப் பருகியவன் உள்ளே இருந்து தேநீர் அருந்துவதைப் பார்த்துக்கொண்டே தெருவில் நின்று குடித்தான். கொட்டிலில் அருகருகே இருந்த இருவரும் கடைவாயிலிற் பிரிந்தனர். இந்த அவமானமே போராட்டத்துக்கு வித்தாயிற்று.

1957-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகக் கடை, உணவகம், கோயில் முதலிய பொது இடங்களில் எவரையும் தடுத்தல் குற்றமென்றது. அதனையொட்டிய ஆண்டுகளில் சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் தேநீர்க்கடைப் பிரவேசத்தை நடத்தி, நகரத்துக் கடைகள் சிலவற்றைத் திறப்பித்தனர். ஆயினும் கிராமப்புறத்திற் சட்டம் ஏட்டளவிலேயே நின்றது. 1966-ஆம் ஆண்டு ஒக்டோபர் 21-ஆம் நாள், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் பெரும் ஊர்வலம் ஒன்று தீண்டாமைக்கு எதிராகப் புறப்பட்டது. பொலிசார் அதனைத் தாக்கினர். அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. சங்கானைப் பகுதியிலே தேநீர்க்கடையில் நுழைவதற்காக மோதல்கள் நிகழ்ந்தன, உயிர்களும் போயின. 1968-ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயில் போராட்டக்களமாயிற்று. ஒரு குவளைத் தேநீருக்காகவா உயிர் என்று அக்காலத்தில் இகழ்ந்தோரும் உளர். குவளைக்குள் இருந்தது மதிப்பு என்பதை அதனைப் பெறாதவரே அறிந்திருந்தனர்.

சீவற்றொழிலிலும் மாற்றம் வந்தது. 1970களின் தொடக்கத்திலே தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் கள் விற்பனையை ஏற்கலாயின. அதுவரை தவறணைக் குத்தகைக்காரனின் விலைக்குத் தன் சாற்றை அளந்து கொடுத்தவன், சங்கத்தின் உறுப்பினனாகிக் கணக்கைக் கேட்கும் உரிமை பெற்றான். 1978-ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. வடமராட்சியில் திக்கம் என்னும் ஊரிலே பனஞ்சாராய வடிசாலை எழுந்தது. குறைகள் பல இருந்தும், மரமேறியவனின் பிள்ளைகள் கல்விகற்று உத்தியோகம் ஏற்ற கதை இக்காலத்தில் விரைவு பெற்றது. அப்பிள்ளைகள் மரமேற விரும்பாமையும் இயல்பே. தொழிலை இழிவென்று ஒதுக்கிய சமுதாயம், இன்று மரமேற ஆளில்லை என்று வருந்துவதில் ஒரு நியாயத் தீர்ப்பு மறைந்துள்ளது.

1983 முதல் 2009 வரை நீண்ட போரிலே பனைகள் எறிகணைக்குத் தலையிழந்தன; பதுங்குகுழிக்கு மரமாகத் தறிக்கப்பட்டன. மக்களும் இடம்பெயர்ந்து உலகெங்கும் சிதறினர். சென்ற இடமெல்லாம் கூழையும் கொண்டுசென்றனர். பனியுறைந்த நாடுகளிலும் விடுமுறை நாளில் உறவினர் ஒன்றுகூடிப் பெரும்பானையிற் கூழ் காய்ச்சுகின்றனர். பொதிசெய்த ஒடியல்மா கடல் கடந்து செல்கின்றது. அன்று வறியவர் உணவென எண்ணப்பட்டது, இன்று யாழ்ப்பாணத்து உணவகங்களிலே விருந்தினருக்குப் பெருமையோடு பரிமாறப்படுகின்றது. கூழ் கடையேறிவிட்டது, கடையும் எவர்க்கும் திறந்திருக்கின்றது.

பழம்பெருமை பேசுவோர் கூழின் சுவையைப் புகழும்போது, ஒரே பானையைச் சுற்றி ஊரே ஒன்றாயிருந்தது என்று சொல்வதுண்டு. அது பாதியுண்மை. பானை ஒன்றாயிருந்தது, அதனைச் சுற்றியிருந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர் பலர். அவ் வட்டத்தை விரித்தது காலம் தானாகச் செய்த வேலையன்று. ஒரு வாங்கில் அமர்ந்த பிள்ளைகளும், ஒரே பந்தியில் உண்ட இளைஞரும், அடிபட்டும் கடைக்குள் நுழைந்த தொழிலாளரும் செய்த வேலை அது. பிறப்பின் வேற்றுமை பாராட்டாது பலாவிலையை நீட்டிக் கூழ் கேட்கும் உரிமை, நெடிய பனையில் ஏறி இறங்கியவர் தம் உழைப்பாலும் உறுதியாலும் இம் மண்ணுக்கு ஈட்டித் தந்தது.